மயூர் விஹாரில் நான்கு வீடுகள், ஒரு கோடை: சந்தை முடிவு செய்த சனிக்கிழமை இரவுச் சாப்பாடு

டெல்லியில் மே மாதம் காலிஃப்ளவர் வாங்குகிறவர் காய்க்கு மட்டும் காசு கொடுப்பதில்லை. மலையிலிருந்து அது இறங்கி வந்த லாரி வாடகைக்கும், வழியில் வாடிக் கழிந்த பங்குக்கும் சேர்த்தே கொடுக்கிறார். அதே நாளில், அதே தள்ளுவண்டியில், ஹரியானாவிலிருந்தோ மீரட் பக்கமிருந்தோ வந்து இறங்கிய சுரைக்காயும் பீர்க்கங்காயும் பாதி விலைக்கும் கீழே கிடக்கும். எங்கள் கட்டடத்துத் தமிழ் வீடுகள் நான்கும் சேர்ந்து போன கோடையில் சமைத்த சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டைப் பற்றி எழுதுவதற்கு இந்த விலை வித்தியாசம்தான் காரணம். டெல்லிக் கோடையின் மலிவான காய்களில் பெரும்பாலானவை நம் கூட்டுக்கும் துவையலுக்கும் மோர்க்குழம்புக்கும் உரியவை. அவற்றைத் தாண்டிப் போய் விலை ஏறிய காய்களைத் தேடிப் பிடிக்கும் வழக்கம் இங்கே குடியேறிய தமிழ் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. அந்த வழக்கம் எப்படி மாறியது, எங்கே மாறவில்லை என்பதே இந்த ஆய்வு.

வீடுகள்

மயூர் விஹார் முதல் கட்டம் கிழக்கு டெல்லியில், யமுனைக்கு இந்தக் கரையில் இருக்கிறது. உத்தர குருவாயூரப்பன் கோயில் உள்ள பகுதி. மலையாளிகளும் தமிழர்களும் நிறையப் பேர். எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஸ்ரீரங்கத்து மாமாவும் மாமியும் இருக்கிறார்கள். மாமா மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். முதல் மாடியில் திருநெல்வேலித் தம்பதி. இருவருக்கும் நொய்டாவில் மென்பொருள் வேலை, ஒரு பெண் குழந்தை. இரண்டாம் மாடியில் மதுரைக் குடும்பம். அண்ணன் பள்ளி ஆசிரியர், இரண்டு பையன்கள். மூன்றாம் மாடியில் நாங்கள் நால்வர், பொள்ளாச்சிக்காரர்கள். மொத்தம் 13 பேர். சனிக்கிழமை இரவில் ஒரு வீடு சமைக்கும், மற்ற மூன்று வீடும் வந்து சாப்பிடும். முறை சுற்றி வரும். செலவை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வோம்.

முன்பிருந்த நடைமுறை இது. வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் சாப்பாடு முடிவாகும். முடிவு இரண்டு பக்கமாகத்தான் போகும். ஒன்று, குழந்தைகள் கேட்கும் ஓட்டல் சாப்பாடு: வெஜ் பிரியாணி, கோபி 65, பன்னீர் குருமா. இல்லையென்றால் பெரியவர்களின் ஊர் ஏக்கம்: முருங்கைக்காய் சாம்பார், வாழைப்பூ வடை, சின்ன வெங்காயக் குழம்பு. முதல் வகைக்குச் சனிக்கிழமை மதியம் செயலியில் ஆர்டர் போகும். இரண்டாம் வகைக்கு ஒருவர் தெற்கு டெல்லியிலுள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போய் வர வேண்டும். தென்னாட்டுக் காய்கள் அங்கே நன்றாகவே கிடைக்கும். விலையும் தூரமும் அதற்குத் தகுந்தாற்போல இருக்கும். ஒரு சனிக்கிழமைக்குச் சுமார் 1,800 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது, சில வாரம் அதற்கு மேலும்.

பில்லில் தெரிந்தது

பழைய பில்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னவர் மாமாதான். மளிகைக் கணக்கை ஆயுள் முழுவதும் நோட்டில் எழுதி வந்தவர் அவர்.

அரிசி, பருப்பு, எண்ணெயில் பெரிய வித்தியாசம் இல்லை. காய்க்கான பணத்தில் பாதிக்கு மேல் பீன்ஸ், காலிஃப்ளவர், கேரட், குடைமிளகாய் என்ற நான்கிலேயே போயிருந்தது. இந்த நான்கும் வட இந்தியச் சமவெளியில் குளிர்ந்த மாதங்களுக்கு உரியவை. டிசம்பரிலும் ஜனவரியிலும் டெல்லிக் கேரட்டும் காலிஃப்ளவரும் குவிந்து கிடக்கும்போது வாங்கினால் கேள்வியே இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு அவை மலைப் பகுதியிலிருந்தோ குளிர்கிடங்கிலிருந்தோ வருகின்றன. கொத்தமல்லித் தழையும் அதே கதைதான். சூடு ஏறியதும் செடி இலை விடுவதை விட்டுப் பூக்கத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் காய்க்காரர் கேட்காமலேயே பையில் போடும் கட்டு, மே மாதத்தில் விலைக்கு வரும்.

இன்னொரு விஷயமும் பில்லில் தெரிந்தது. டெலிவரிக் கட்டணம் வராமலிருக்க, குறிப்பிட்ட தொகையை எட்டும்வரை ஏதாவது சேர்த்துக்கொண்டே போயிருந்தார்கள். சேர்ந்தவை பெரும்பாலும் சிப்ஸ், குளிர்பானம், ஐஸ்கிரீம். மிச்சப்படுத்திய கட்டணத்தைவிட அவற்றின் விலை அதிகம்.

கால் கிலோக் கணக்கு

எது பருவத்துக் காய், எது இல்லை என்று தெரிந்துகொள்ள வேளாண்மைப் புத்தகம் தேவையில்லை. டெல்லிக் காய்க்காரரின் வாயிலேயே அது இருக்கிறது. மாமியோடு முதல் தடவை வாரச் சந்தைக்குப் போன திருநெல்வேலித் தங்கைக்கு அங்கேதான் பாடம் கிடைத்தது.

“பீன்ஸ் கைசே, பையா?”

“தீஸ் கா பாவ்.”

“தோரி?”

“தீஸ் கா கிலோ.”

இரண்டுக்கும் முப்பது ரூபாய்தான். பாவ் என்றால் கால் கிலோ; ஆக பீன்ஸ் கிலோ 120 ரூபாய், பீர்க்கங்காய் 30 ரூபாய். விலை ஏறிய காயைக் காய்க்காரர்கள் பாவ் கணக்கில் சொல்வார்கள், கேட்கிறவர் மிரளக் கூடாது என்று. மலிவான காயைக் கிலோக் கணக்கில் சொல்வார்கள். மிகவும் குவிந்துவிட்ட காய்க்கு “பச்சாஸ் கா தோ கிலோ” (ஐம்பதுக்கு இரண்டு கிலோ) என்று கூவுவார்கள்.

மாமி தங்கையிடம் சொன்னது இதுதான்: “கால் கிலோக் கணக்குல சொன்னா நகர்ந்துடு. கிலோக் கணக்குல சொன்னா வாங்கு. ரெண்டு கிலோ சேர்த்துச் சொன்னா அதுதான் இந்த வாரச் சமையல்னு வெச்சுக்கோ.”

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க்கு இது பொருந்தாது. எந்தக் காலத்திலும் அவற்றைக் கொஞ்சமாகத்தான் கேட்கிறோம், கொஞ்சமாகத்தான் விலை சொல்கிறார்கள். மற்றபடி இந்த அளவுகோல் அந்தக் கோடை முழுவதும் எங்களைக் கைவிடவில்லை. விலைப்பட்டியலைக் காட்டும் எந்தச் செயலியையும்விட இதை நான் நம்புகிறேன், ஏனென்றால் வரத்து கூடியதும் குறைந்ததும் அன்று மாலையே இதில் தெரிந்துவிடும்.

மெனுவைக் கடைசிக்குத் தள்ளியது

டெல்லியில் வாரச் சந்தை ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு நாள் கூடும். திங்கள் என்றால் சோம் பஜார், செவ்வாய் என்றால் மங்கள் பஜார், சனி என்றால் ஷனி பஜார். எங்களுக்கு எட்டும் தூரத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஒரு சுக்ர் பஜார் கூடுகிறது. வியாழக்கிழமை மெனு போடுவதை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை சந்தை முடிந்து சமைப்பதை முடிவு செய்வது என்று ஆனது. மாற்றம் இவ்வளவுதான், ஆனால் இது எளிதாக நடக்கவில்லை. “என்ன சமைக்கப் போறோம்னே தெரியாம எப்படி சாமான் வாங்குறது?” என்று மதுரை அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது. 13 பேருக்குச் சமைக்கிறவருக்கு ஒரு பிடி வேண்டும்.

அதற்கு மாமி சொன்ன வழிதான் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு. மெனுவில் காயின் பெயரை எழுதாமல் பக்குவத்தின் பெயரை மட்டும் எழுதுவது: ஒரு கூட்டு, ஒரு துவையல், ஒரு பச்சடி, ஒரு புளிப்புக் குழம்பு அல்லது ரசம். கூட்டு என்றால் பருப்பும் தேங்காயும் சீரகமும் சேர்ந்த ஒரு முறை. அதில் சுரைக்காய் விழுந்தாலும் புடலங்காய் விழுந்தாலும் பூசணி விழுந்தாலும் கை ஒன்றுதான். துவையலும் பச்சடியும் அப்படியே. சமைக்கிறவர் பருப்பையும் தேங்காயையும் மிளகாயையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளலாம், காயை மட்டும் சந்தை முடிவு செய்யும். கோபி 65, பீன்ஸ் உசிலி என்று குறிப்பிட்டு எழுதினால் அந்தக் காய் என்ன விலை விற்றாலும் வாங்கித்தான் தீர வேண்டும்.

சந்தைக்குப் போகிறவருக்கு ஒரு கட்டளை மட்டும்: குவிந்து கிடப்பதில் மூன்று காய், ஒரு கீரை, ஒரு பழம். வாங்கியதைப் படம் எடுத்து அனுப்பினால் சமைக்கிற வீடு இரவுக்குள் முடிவு சொல்லிவிடும். நேரமும் முக்கியம். மாலை ஆறரைக்குப் போனால் எல்லாம் புதிதாக இருக்கும், விலை இறங்காது. ஒன்பது மணிக்கு மேல் கடையைக் கட்டும் நேரத்தில் விலை சரியும், ஆனால் கீரை அதற்குள் துவண்டிருக்கும். சுரை, பூசணி, பீர்க்கு போன்ற தோலுள்ள காய்களுக்கு அந்த நேரம் நல்லது. கீரைக்கும் வெண்டைக்கும் சீக்கிரமே போக வேண்டும். மதுரை அண்ணன் இதற்காகவே இரண்டு நடை போவார், பையன்களையும் கூட்டிக்கொண்டு.

ஏப்ரல்

சித்திரை பிறக்கும் வாரத்தில் டெல்லிச் சாலைகளில் வேப்பமரங்கள் பூக்கத் தொடங்கிவிடும். இந்த ஊரில் வேம்புக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் வளாகத்து மரத்தடியில் விடியற்காலையில் பழைய வேட்டியை விரித்துப் பூவைச் சேர்த்தோம். புத்தாண்டுக்கு மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம். மீந்த பூவை உலர்த்தி ஜாடியில் போட்டாயிற்று. காசில்லாமல் கிடைத்த ஒரே பொருள் அது.

ஏப்ரல், மே மாதங்களில்தான் வெங்காயமும் விலை குறைந்து வரும். நாட்டின் வெங்காய விளைச்சலில் ஏறக்குறைய 65 முதல் 70 சதவீதம் குளிர்காலத்தில் நடும் ரபிப் பருவத்தைச் சேர்ந்தது, அறுவடை அப்போதுதான். காய்ந்த தோலோடு வரும் இந்த வெங்காயம் சேமிக்கத் தகுந்தது. நான்கு வீடும் சேர்ந்து மூட்டையாக எடுத்து, காற்றோட்டமான இடத்தில் பரப்பி வைத்தோம். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்கக் கூடாது, ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். மாமா மாமி வீட்டுச் சமையலில் வெங்காயம் பூண்டு கிடையாது. அவர்கள் முறை வரும் சனிக்கிழமையில் அதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

மே: கொடிக்காய்களின் மாதம்

இந்தக் கோடையின் நடுப்பகுதி இதுதான், எழுத அதிகம் இருப்பதும் இதில்தான். சுரை, பீர்க்கு, நுரைபீர்க்கு, புடல், பாகல், கோவை, வெள்ளரி, ககடி என்ற நீள வெள்ளரி, மஞ்சள் பூசணி, டிண்டா, முலாம்பழம், தர்பூசணி என்று எல்லாம் கொடியில் காய்ப்பவை, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். கொளுத்தும் வெயிலில் நீர்ச்சத்துள்ள காய் மலிவாகக் கிடைப்பது இந்த ஊருக்கு இருக்கும் பெரிய கொடுப்பினை.

பீர்க்கங்காயிலிருந்து தொடங்கினோம், ஏனென்றால் அதில் எதுவும் வீணாவதில்லை. சீவிய தோலை உளுத்தம்பருப்பு, வரமிளகாய், புளியோடு வதக்கித் துவையல். சதையைப் பாசிப்பருப்போடு கூட்டு. கிலோ 30 ரூபாய்க்கு வாங்கிய காயில் இலையில் இரண்டு பண்டம். சுரைக்காய்க்குக் கடலைப்பருப்புக் கூட்டு ஒரு வாரம், பால் கூட்டு ஒரு வாரம். பிறகு குழந்தைகள் முகம் சுளித்ததும் சுரைக்காயைத் துருவி அடைமாவில் போட்டு வார்த்தார் மதுரை அக்கா. அடை தீர்ந்த வேகத்தில் அது என்ன காய் என்று யாரும் கேட்கவில்லை.

சுரைக்காய் விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு, இதைப் படிப்பவர்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கி எறிந்துவிடுங்கள். சுரை, வெள்ளரி இனத்தில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் உண்டாவதுண்டு. வெயிலிலும் நீர் போதாமலும் வாடிய கொடியில் அது கூடும். வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிர் போன சம்பவம் 2010இல் டெல்லியிலேயே நடந்திருக்கிறது. ஒரு காய் போனால் இருபது ரூபாய் போகும், அவ்வளவுதான்.

டிண்டாவை நம் ஊர்களில் பலர் பார்த்ததே இல்லை. சின்ன ஆப்பிள் அளவில், பச்சையாக, உள்ளே வெள்ளைச் சதையோடு இருக்கும். பஞ்சாபி வீடுகளில் மசாலா அடைத்துச் செய்வார்கள். திருநெல்வேலித் தங்கை அதை எண்ணெய்க் கத்தரிக்காய்ப் பக்குவத்தில் செய்தாள்: நான்காகக் கீறி, கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, வரமிளகாய், எள் வறுத்துப் பொடித்து அடைத்து, நல்லெண்ணெயில் மூடி வைத்து, கடைசியில் கொஞ்சம் புளிக்கரைசல். புளியையும் காரத்தையும் கத்தரிக்காயைப் போலவே இழுத்துக்கொள்கிறது. விதை முற்றாத இளம் டிண்டாவாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இந்தக் கோடையில் நாங்கள் புதிதாகச் சேர்த்துக்கொண்ட ஒரே காய் இது. இனி ஊருக்குப் போனால் இதைத் தேடுவோம் என்று நினைக்கிறேன்.

மதுரை வீட்டுக்குச் சனிக்கிழமை என்றால் கறி வேண்டும். மாமா மாமியும் சாப்பிட வருவதால் பொதுச் சமையலில் அது முடியாது. அதற்கு ஈடு கட்டியது பலாக்காய். டெல்லியில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கத்தல் என்ற பெயரில் பிஞ்சுப் பலா வண்டிகளில் வரும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு காய்க்காரரே தோல் சீவி, துண்டு போட்டுத் தருவார். பிசுக்கோடு மல்லுக்கட்டும் வேலை நமக்கு இல்லை. மிளகு, சோம்பு, வரமிளகாய் வறுத்து அரைத்து, மதுரைச் சுக்கா வறுவல் போலச் செய்த அன்று இரண்டு பையன்களும் எலும்பு எங்கே என்று தேடாத குறைதான். வட இந்தியாவில் கோடையில் முட்டைக்குத் தேவை குறைந்து விலை இறங்குவது வழக்கம். அவர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை முட்டைக் குழம்புக்கு அது போதுமானதாக இருந்தது.

கொத்தமல்லிக்குப் பதில் புதினா. இது சின்ன மாற்றம், ஆனால் கோடை முழுக்க ஓடியது. வெயிலில் மல்லி சோர்ந்துபோகும்போது புதினா தழைத்து வருகிறது, டெல்லியில் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. துவையல், ரசம், மோர் எல்லாவற்றிலும் அதையே போட்டோம்.

சமைக்கும் நேரமும் மாறியது. வெளியே 43, 44 டிகிரி கொளுத்தும் நாளில் மாலை நான்கு மணிக்கு அடுப்படியில் நிற்பது கொடுமை. துவையலும் கூட்டுக்கு அரைப்பதும் காலை எட்டு மணிக்குள் முடிந்து ஃப்ரிட்ஜுக்குப் போய்விடும். இரவில் சோறு, கூட்டைக் கொதிக்க வைப்பது, தாளிப்பு மட்டும். எங்கள் வீட்டு முறை வந்தால் கொங்குநாட்டு அரிசியும் பருப்பும் சாதம். குக்கரில் ஒரே பண்டம், கூட ஒரு பச்சடி, அப்பளம், கெட்டித் தயிர். இந்த வெப்பத்தில் சமைத்த உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது என்பதில் மாமி கடுமையாக இருந்தார். மிச்சம் இருந்தால் அவரவர் டப்பாவில், உடனே ஃப்ரிட்ஜுக்கு.

தயிருக்கு மதர் டெய்ரி பூத்தின் டோக்கன் பால். பாக்கெட் பாலைவிட விலை குறைவு, தூக்கைக் கொண்டுபோனால் இயந்திரத்தில் பிடித்துக்கொள்ளலாம். மே மாதத்தில் உறை ஊற்றிய மூன்று நான்கு மணி நேரத்தில் தயிர் தோய்ந்துவிடும். அதற்கு மேல் வெளியே விட்டால் புளிப்பு ஏறும். 13 பேர் தயிர்ச்சாதம் சாப்பிடும் சபையில் இதனால் குறைந்த செலவு கவனிக்கத்தக்கது.

ஆஃபர் எதற்கு, எதற்கு இல்லை

ஆஃபர்களை விட்டுவிடவில்லை, இடம் மாற்றி வைத்தோம். காய்க்கு ஆஃபர் பார்ப்பதை நிறுத்தினோம். செயலிகளில் காய்க்குத் தள்ளுபடி வரும் நாளில் அந்தக் காய் சந்தையில் ஏற்கெனவே குவிந்திருக்கும். தள்ளுபடிக்குப் பிறகும் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே இருந்தது, கட்டணங்கள் தனி. ஒரு செயலியில் இரண்டு கட்டு வாங்கினால் ஒரு கட்டு இலவசம் என்று வந்த கீரையில் பாதி அழுகியிருந்தது. பணம் திரும்பக் கிடைத்தது, ஆனால் அன்றைய கூட்டுக்குக் கீரை இல்லை.

கெடாத பொருளுக்கு மட்டும் ஆஃபர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிறது. சம்பளம் வரும் மாத முதல் வாரத்தில் பெரிய கடைகள் எண்ணெய், பருப்பு, அரிசியில் தள்ளுபடி போடுகின்றன. நான்கு வீட்டுக்கும் சேர்த்து வாங்கினால் பெரிய பொட்டலம் எடுக்கலாம். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்றும் இல்லை. பொட்டலங்களில் ஒரு கிலோ அல்லது ஒரு கிராமுக்கு என்ன விலை என்று யூனிட் விலையும் அச்சிட வேண்டும் என்ற விதி இப்போது இருக்கிறது. அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத்தான் படிப்பார். ஒரு லிட்டர் பாக்கெட் ஐந்தை வாங்குவது ஐந்து லிட்டர் கேனைவிட மலிவாக இருந்த மாதமும் உண்டு.

கடலைப்பருப்பு கூட்டுக்கும் அடைக்கும் நிறையவே ஆனது. 1963இல் மத்திய அரசு ஊழியர்களுக்காகத் தொடங்கப்பட்ட கேந்திரிய பண்டார் கூட்டுறவுக் கடை மாமாவுக்குப் பழைய பழக்கம். 2023 ஜூலையில் மத்திய அரசு ‘பாரத் தால்’ என்ற பெயரில் கடலைப்பருப்பைக் கிலோ 60 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியபோது கேந்திரிய பண்டாரும் விற்பனை இடங்களில் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் பாரத் ஆட்டா 27 ரூபாய் 50 காசுக்கும், 2024 பிப்ரவரியில் பாரத் அரிசி 29 ரூபாய்க்கும் வந்தன. பின்னால் விலைகள் மாறின. எல்லா நாளும் இருப்பு இருந்தது என்றும் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் போகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு வருவது என்று வைத்துக்கொண்டோம்.

அருகில் விளைந்த கீரை

இந்த ஏற்பாட்டில் நாங்கள் நீண்ட நேரம் வாதாடியது இதைப் பற்றித்தான். மயூர் விஹாரில் காலையில் தள்ளுவண்டியோடு வருகிறவர்களில் சிலர் யமுனைக் காதரிலிருந்து, அதாவது ஆற்றோரச் சமவெளியிலிருந்து வருகிறவர்கள். முளைக்கீரை, பருப்புக்கீரை, முள்ளங்கி எல்லாம் அன்று காலை பறித்தவை. எங்கள் மொட்டைமாடியிலிருந்து கிட்டத்தட்ட பார்த்துவிடலாம், அவ்வளவு பக்கம். உள்ளூர் விளைச்சல் என்றால் இதைவிட உள்ளூர் எது? வாங்குவதற்கு எளிது, விலை குறைவு, விற்கிறவர் கஷ்டப்படும் விவசாயி.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. யமுனை டெல்லிக்குள் நுழைந்ததும் எத்தனை சாக்கடைகள் அதில் விழுகின்றன என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். 2015 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் யமுனைச் சமவெளியில் உணவுப் பயிர் சாகுபடிக்கே தடை விதித்தது, மாசு உணவில் ஏறுகிறது என்ற காரணத்தால். கன உலோகங்களைக் காய்களைவிட இலைகள் அதிகம் சேர்த்து வைத்துக்கொள்ளும். கழுவினால் போகிற அழுக்கு வேறு, செடிக்குள் ஏறியது வேறு. குழந்தைகள் சாப்பிடும் தட்டில் அதை வைக்க எனக்கும் மனம் ஒப்பவில்லை. அதே நேரம், பல வருடமாக அந்த மண்ணில் பாடுபட்டு, 2023 ஜூலை வெள்ளத்தில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டர் அளவை எட்டியபோது எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களிடம் “உங்கள் கீரை வேண்டாம்” என்று சொல்வது சுலபமில்லை. ஆற்றைக் கெடுத்தவர்கள் அவர்கள் இல்லை.

கீரையை மட்டும் இனி சஃபல் கடையில் வாங்குவது என்று முடிவானது. மதர் டெய்ரி 1988இல் தொடங்கிய காய்கறிக் கடை அது; விலைப்பலகை இருக்கும், பேரம் கிடையாது. கீரை அங்கே நாலைந்து ரூபாய் கூடுதல். அந்தக் கூடுதலை நான்கு வீடும் மறுபேச்சில்லாமல் கொடுத்தோம். எங்கள் நோட்டில் மலிவுக்கு எதிராக முடிவெடுத்த இடம் இது ஒன்றுதான்.

ஜூன்: விலை திரும்பும் நேரம்

ஜூனில் வெண்டைக்காயும் கொத்தவரங்காயும் காராமணியும் கொட்டும். வெண்டைக்காய் மோர்க்குழம்பு, கொத்தவரங்காய்ப் பருப்புசிலி. மாம்பழம் பங்கனப்பள்ளியில் தொடங்கி (டெல்லியில் அது சஃபேதா), மாத நடுவில் மலிஹாபாத் தசேரிக்கு வந்துவிடும். தசேரி மலிவான வாரத்தில் மாமி மாம்பழ மோர்க்குழம்பு வைத்தார். அன்று குழம்பில் கிடந்த பழத்துக்குக் குழந்தைகள் சண்டை போட்டார்கள்.

குவியலில் மிஞ்சியதைக் காய வைத்தோம். டெல்லியின் வறண்ட அனல்காற்று இதற்கென்றே வீசுவது போல இருக்கும். கொத்தவரங்காயை உப்பு போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, வடித்து, மொட்டைமாடியில் பரப்பினால் இரண்டு நாளில் கலகலவென்று காய்ந்துவிடும்; நம் கடலோர ஊர்களில் இது நடக்காது. புழுதிப்புயல் கிளம்பும் ஊர் என்பதால் மெல்லிய துணியால் மூடிக் கட்ட வேண்டும். மோர்மிளகாய், வெண்டை வற்றல், அரிசி வடாம் எல்லாம் இப்படியே. மழை வருமுன் முடித்தாக வேண்டும். டெல்லிக்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 27 வாக்கில்.

மழை நெருங்கும்போது தக்காளி ஏறும். 2023 ஜூலையில் டெல்லியில் தக்காளி விலை தாறுமாறாக ஏறி, தேசியக் கூட்டுறவு நுகர்வோர் கூட்டமைப்பு வேன்களில் கிலோ 90 ரூபாய்க்கு மானிய விலையில் விற்க வேண்டி வந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. வடக்கத்திய குழம்பு வகைகள் தக்காளி இல்லாமல் நகராது. நமக்குப் புளி இருக்கிறது, மாங்காய் இருக்கிறது, புளித்த மோர் இருக்கிறது. ஜூன் கடைசி வாரங்களில் எங்கள் சனிக்கிழமைச் சமையலில் தக்காளியே இல்லை: கொட்டு ரசம், வற்றல் குழம்பு, மோர்க்குழம்பு மூன்றும் மாறி மாறி வந்தன. யாரும் குறையாகச் சொல்லவில்லை.

கணக்கும் மிச்சமும்

மே, ஜூனில் ஒரு சனிக்கிழமைச் செலவு 1,100 முதல் 1,200 ரூபாய்க்குள் நின்றது, பழத்தையும் சேர்த்து. குறைந்ததில் பெரும்பங்கு காயில். அடுத்தது பன்னீரும் செயலியில் சேர்த்துக்கொண்ட தின்பண்டங்களும். ஆஃபர்களால் மிச்சமானது இவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. சந்தைக்குப் போய் வரும் உழைப்பை இந்தக் கணக்கு காட்டவில்லை. அது மதுரை அண்ணன் மீதும் மாமி மீதும்தான் அதிகம் விழுந்தது, கோடை விடுமுறையில் அண்ணனுக்குப் பள்ளி இல்லாததால்தான் அது நடந்தது. ஜூலையில் பள்ளி திறந்ததும் வெள்ளிக்கிழமை மாலை யார் போவது என்று பேசி, முதல் மாடித் தம்பி வீட்டிலிருந்து வேலை செய்யும் வாரங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார். மற்ற வாரங்களில் சஃபலில் இருப்பதை வைத்துச் சமைப்பது.

மாதம் ஒரு சனிக்கிழமை குழந்தைகள் கேட்பதைச் செய்வது என்றும், அன்று விலை பார்ப்பதில்லை என்றும் பேசி முடித்திருக்கிறோம். முருங்கைக்காய்க்கு ஐ.என்.ஏ. போவது நின்றுவிட்டது, ஊரிலிருந்து யார் ரயிலில் வந்தாலும் புளியோடும் சுண்டைக்காய் வற்றலோடும் ஒரு கட்டு முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வந்துவிடுகின்றன. மழைக்காலத்துக் கீரையை என்ன செய்வது என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை. ஆவணி முடியும்வரை கீரையே வேண்டாம் என்கிறார் மாமி, சஃபலில் வாங்கி நன்றாக அலசினால் போதும் என்கிறாள் திருநெல்வேலித் தங்கை. அடுத்த முறை அவள் வீட்டுச் சமையல்.